கொரியா தேசத்து வைத்தியர் ஜாங் கி-ரியோ

கீழ்த்திசையிலே சீனத்திற்கும் ஜப்பானுக்கும் இடையே கடலுக்குள் நீண்டு கிடக்கும் கொரியா, ஒரே மொழி பேசும் ஒரே இன மக்களின் உறைவிடமாகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குடைக்கீழ் வாழ்ந்த அம்மக்கள், 1945-ஆம் ஆண்டில் ஜப்பானியர் ஆட்சி ஒழிந்தபோது, விடுதலையையும் பிரிவினையையும் ஒருங்கே பெற்றனர். முப்பத்தெட்டாம் அட்சரேகை என்று பூகோளப் படத்தில் இழுக்கப்பட்ட கோடு, மூன்றாண்டுகளுக்குள் இரண்டு அரசுகளுக்கு எல்லையாயிற்று. ஐந்தாண்டுகளுக்குள் பெரும்போருக்குக் காரணமாயிற்று. போர் ஓய்ந்தபின்னரோ, கணவனை மனைவியினின்றும் தாயை மகவினின்றும் பிரிக்கும் மதிலாயிற்று. அம்மதிலின் தென்புறத்தில் நின்று நாற்பத்தைந்து ஆண்டுகள் வடபுறத்தை நோக்கியிருந்த ஒரு வைத்தியருடைய சரித்திரத்தை நாம் ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் பெயர் ஜாங் கி-ரியோ. கொரிய வழக்கப்படி ஜாங் என்பது குலப்பெயர். கி-ரியோ என்பது இயற்பெயர்.

தென்கொரிய மக்கள் இவரைத் தங்கள் நாட்டு ஷ்வைட்சர் என்று போற்றுவர். அப்புகழ்மொழியை நாம் மறுப்பேமல்லேம். ஆயினும், தன் நாட்டை விட்டு அயல்நாட்டு நோயாளரைத் தேடிச் சென்ற ஷ்வைட்சருக்கும், சொந்த நாட்டிலேயே அகதியாகி அகதிகளுக்கு வைத்தியஞ் செய்த இவருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அதனினும் பெரிய வேற்றுமை மற்றொன்றுண்டு. ஒரு மனிதனுடைய இரக்கம், அது எத்துணைப் பெரிதாயினும், ஒரு தேசத்தின் நோயாளர் அனைவருக்கும் போதுமோ என்னும் வினா இவருடைய வாழ்நாள் முழுதும் இவரைத் தொடர்ந்து வந்தது. அவ்வினாவிற்கு இவர் கண்ட விடையே இவர் சரித்திரத்தை நம் மாணவர் கற்றற்கு உரியதாக்குகின்றது.

இளமையும் கல்வியும்

ஜாங் கி-ரியோ 1911-ஆம் ஆண்டில், கொரியாவின் வடமேற்கு எல்லையாகிய யாலு ஆற்றுக்கு அணித்தேயுள்ள யோங்சோன் என்னும் ஊர்ப்புறத்திற் பிறந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் ஜப்பான் கொரியாவைத் தன் இராச்சியத்தோடு சேர்த்துக்கொண்டது. எனவே, அடிமைப்பட்ட நாட்டிற் பிறந்த முதற் பிள்ளைகளுள் இவரும் ஒருவர் என்னலாம். தந்தையார் சீனநூற் பயிற்சி உடையவர். தம் ஊர்ச் சிறுவர்க்காகப் பள்ளிக்கூடம் ஒன்றை நிறுவியவர். பாட்டியார் கிறிஸ்தவ பக்தி மிக்கவர். பேரனை மடியில் இருத்தி நாள்தோறும் ஜெபித்தவர். கல்வி ஒரு பாலும் பக்தி ஒரு பாலுமாகத் தாங்க, பிள்ளை வளர்ந்தார்.

பின்னர்க் கேசாங் நகரத்தில் அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனைச் சார்ந்த சோங்டோ பள்ளியிற் பயின்று, 1928-ஆம் ஆண்டில் சியோல் மருத்துவக் கல்லூரியில் இடம் பெற முயன்றார். ஆட்சி செய்த இனத்தவராகிய ஜப்பானிய மாணவரே அங்கு மிகுதி. கொரிய மாணவர்க்கு இடங் கிடைத்தல் அரிது. அந்நாளில் இவர் ஒரு பிரதிக்கினை செய்துகொண்டார். தமக்கு இடங் கிடைக்குமாயின், வைத்தியர் முகத்தை ஒருமுறையேனும் காணாமல் மாண்டுபோகும் ஏழைகளுக்காகத் தம் வாழ்நாளைச் செலவிடுவதாகக் கடவுள் முன்னிலையில் உறுதி கூறினார். பரீட்சைக்கு முன் மாணவர் செய்யும் பிரதிக்கினைகள், பரீட்சை முடிவு வெளிவந்த மறுநாளே காற்றிற் பறப்பதை நாம் அறியாதவரல்லேம். ஜாங் செய்த பிரதிக்கினையோ அறுபத்தேழு ஆண்டுகள் நிலைத்து நின்றது.

1932-ஆம் ஆண்டில் அக்கல்லூரியில் முதல்வராகத் தேறினார். அவ்வாண்டிலேயே கிம் போங்-சுக் என்னும் பெண்மணியை மணந்தார். கொரியாவின் ரணவைத்தியருள் தலைசிறந்தவரென்று பெயர்பெற்ற பைக் இன்-ஜே என்பாரிடம் உதவியாளராய் அமர்ந்து கத்தி பிடிக்கும் கலையைக் கற்றார். குடல்வால் அழற்சியைப் பற்றி ஆராய்ந்து, 1940-ஆம் ஆண்டில் ஜப்பானில் நகோயா சர்வகலாசாலையின் டாக்டர் பட்டமும் பெற்றார். ஆசிரியருக்கு இம்மாணவர்மீது அளவிறந்த அன்பு. உயர்ந்த உத்தியோகங்களுக்கு வழிகாட்டவும் அவர் சித்தமாயிருந்தார். ஜாங் அவற்றை வேண்டாது, பியோங்யாங் நகரத்துக் கிறிஸ்தவ வைத்தியசாலைக்குச் சென்றார். மிஷனரிமார் நிறுவிய வைத்தியசாலை அது. ஆலயங்கள் மலிந்திருந்தமையாற் கீழ்த்திசை எருசலேம் என்று அந்நகரம் அந்நாளிற் பெயர் பெற்றிருந்தது. 1943-ஆம் ஆண்டில், அங்கே, ஒரு நோயாளியின் கல்லீரலில் வளர்ந்திருந்த புற்றுக்கட்டியை அறுத்தெடுத்து வெற்றி கண்டார். கொரிய மருத்துவ சரித்திரத்தில் அது முதன்முறை என்று கூறுவர்.

வடபுறத்து வாழ்வு

1945-இல் ஜப்பானியர் வெளியேறினர். வடபகுதி ரஷியச் சேனையின் காவலில் பொதுவுடைமைக் கட்சியினர் கைப்பட்டது. திருச்சபைகள் ஒடுக்கப்பட்டன, கிறிஸ்தவருட் பலர் தெற்கு நோக்கி ஓடினர். ஜாங் ஓடவில்லை. நோயாளர் உள்ள இடமே வைத்தியன் உள்ள இடம் என்பது அவர் கொள்கை. 1947-ஆம் ஆண்டில் பியோங்யாங்கிற் புதிதாய் ஏற்பட்ட கிம் இல்-சுங் சர்வகலாசாலையின் மருத்துவக் கல்லூரிக்குப் பேராசிரியராக அவரை அழைத்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்வதற்கில்லை என்னும் நிபந்தனையின்மேல் அவர் அப்பதவியை ஏற்றார். ஒவ்வொரு சிகிச்சைக்கு முன்னும் கத்தியைக் கையில் எடுக்குமுன் தலைகுனிந்து ஜெபிப்பது அவர் வழக்கம். கடவுள் இல்லையென்று போதித்த அரசின் சர்வகலாசாலையிலும் அவ்வழக்கத்தை அவர் விட்டாரில்லை. திறமையில் அவருக்கு நிகரானவர் அங்கு இன்மையால், அதிகாரிகள் கண்டும் காணாதவர்போல் இருந்தனர்.

1950-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் வடவர் சேனை எல்லையைக் கடந்தது. மூன்று நாளிற் சியோல் வீழ்ந்தது. பின்பு ஐக்கிய நாடுகளின் சேனை வந்திறங்கி வடவரைத் துரத்திற்று. அக்டோபரிற் பியோங்யாங் தென்னவர் வசமாயிற்று. யாலு ஆற்றைக் கடந்து சீனப் பெருஞ்சேனை புகவே, மீண்டும் அலை திரும்பிற்று. ஓராண்டிற்குள் சேனைகள் தீபகற்பத்தின் நீளமெல்லாம் மேலும் கீழும் உழுததுபோல் உழுது சென்றன. அக்குழப்பத்தில் விதி செய்த விளையாட்டு ஒன்றைக் கூறுவாம். தெற்கே சியோலில் இருந்த ஆசிரியர் பைக் இன்-ஜே அக்கோடையில் வடவராற் பிடிக்கப்பட்டு வடக்கே கொண்டுபோகப்பட்டார், மீண்டாரில்லை. வடக்கே இருந்த மாணவர் ஜாங் குளிர்காலத்திலே தெற்கே வந்தார், அவரும் மீண்டாரில்லை. ஆசிரியரும் மாணவரும் பின் ஒருவரையொருவர் காணவேயில்லை.

பிரிவு

1950-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பியோங்யாங்கைவிட்டு ஐக்கிய நாடுகளின் சேனை பின்வாங்கியது. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் அவர்களைத் தலைவராகக் கொண்டு நம் இந்திய தேசத்தினின்றும் சென்றிருந்த 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவினரும் அந்நாட்களிலேதான் தங்கள் மருந்துப் பெட்டிகளைக் கைவிட மனமின்றி, ரயிலொன்றைத் தாங்களே செலுத்திக்கொண்டு அந்நகரைவிட்டு வந்தனர். பனி கொட்டும் வீதிகளிலே மூட்டை முடிச்சுகளுடன் ஜனங்கள் தெற்கு நோக்கி நடந்தனர்.

டிசம்பர் 3-ஆம் நாள், இராணுவ வைத்தியசாலையைச் சேர்ந்த வண்டி ஒன்றில் ஜாங் ஏற்றப்பட்டார். அப்போது அவரோடு இருந்தவர் இரண்டாம் மகன் ஒருவரே. மனைவியும் ஏனைய ஐந்து மக்களும் வேறு வழியாக வந்து சேர்வதென்பது ஏற்பாடு. வண்டி வீதியிற் செல்லுங்கால், ஜனத்திரளின் நடுவே தாயும் உடன்பிறந்தாரும் நடந்து செல்வதை அச்சிறுவர் கண்டார் என்றும், வண்டியை நிறுத்தினால் அகதிகள் பெருங்கூட்டமாய் வந்து மொய்த்துக்கொள்வர் என்னும் அச்சத்தால் அது நில்லாமலே சென்றதென்றும் அக்குடும்பத்தின் கதையாகச் சொல்லப்படுகின்றது. சில நாட் பிரிவு என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால் அவ்வீதியிற் கண்ட காட்சியே கடைசிக் காட்சியாயிற்று. கணவனும் மனைவியும் பின்னர் இவ்வுலகில் ஒருவரையொருவர் காணவில்லை.

வண்டியை நிறுத்தியிருக்கலாகாதோ என்று இன்று வசதியாக அமர்ந்து வினவுவது எளிது. அவ்வினாவை அவரினும் மிகுதியாக எவரும் வினவியிருத்தல் இயலாது. நாம் அவர்மேற் தீர்ப்புக் கூறத் துணியேம். அவ்வினாவோடு வாழ்ந்து அவர் செய்தது யாது என்பதனையே கூறுவேம்.

கூடாரத்து வைத்தியசாலை

கொரியாவின் தென்கோடியிலுள்ள துறைமுகமாகிய புசான் அந்நாளில் தென்னரசுக்குத் தற்காலிகத் தலைநகர். இலட்சக்கணக்கான அகதிகள் அங்கே வந்து குவிந்தனர். மலைச்சரிவுகளிலே பலகைத் துண்டுகளையும், அட்டைப் பெட்டிகளையும், தட்டி நிமிர்த்திய தகர டப்பாக்களையும் கொண்டு குடிசைகள் எழுந்தன. நீரின்மையும் நெரிசலும் நோயை வளர்த்தன. ஜாங் சில மாதம் இராணுவ வைத்தியசாலையிற் பணிபுரிந்தார். 1951-ஆம் ஆண்டின் நடுவில், அமெரிக்காவிற் கல்வி கற்று மீண்ட ஜோன் யோங்-சாங் என்பவரும், போதகர் ஹான் சாங்-டோங் என்பவரும் அவரை நாடி வந்தனர். போர்க்கால நிதியாகச் சேகரித்த சிறு தொகையொன்று அவர்களிடம் இருந்தது. ஏழைகளுக்கு வைத்தியசாலை தொடங்க வேண்டுமென்பது அவர்கள் விருப்பம். ஜாங் உடன்பட்டார்.

புசானைச் சார்ந்த யோங்டோ தீவில், ஆலயத்திற்குரிய பண்டகசாலை ஒன்றிலும், பின்னர்க் கூடாரங்களிலுமாக அவ்வைத்தியசாலை தொடங்கிற்று. சுவிசேஷ வைத்தியசாலை என்பது அதன் பெயர். பலகையை இணைத்துச் செய்த மேசையே சத்திரசிகிச்சை மேசை. மின்சாரம் இல்லாதபோது சிறு விளக்குகளின் ஒளியிலே அறுவை நடைபெற்றது. நாளொன்றுக்கு நூறு நோயாளர்வரை வந்தனர். ஒருவரிடமும் கட்டணம் பெறவில்லை. அங்கு வேலை செய்தோர் சம்பளம் பெற்ற முறையும் அறியத்தக்கது. பதவியின் உயர்வு தாழ்வைக் கருதாமல், அவரவர் வீட்டில் உண்ணும் வாய்களைக் கணக்கிட்டுப் பணம் பகிரப்பட்டதென்பர். அம்முறைப்படி, மக்கட்பேறு மிகுந்த பணியாளர் ஒருவர் தலைமை வைத்தியரினும் மிகுதியாகப் பெறுதல் இயல்பன்றோ? ஜாங்கின் இல்லத்தில் உண்ணும் வாய்கள் இரண்டே.

1953-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் போர்நிறுத்த ஒப்பந்தம் ஏற்பட்டது. சமாதான உடன்படிக்கை ஏற்படவில்லை. புதிய எல்லையைக் கடந்து ஆள் செல்லவும் கடிதம் செல்லவும் வழியில்லாது போயிற்று. அதன்பின் பதினெட்டு இருபது ஆண்டுகள் தென்கொரியா வறுமையோடு போராடியது. 1960-ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டில் ஆளொன்றுக்குச் சராசரி வருமானம் ஆண்டுக்கு 100 டாலருக்கும் குறைவு. அந்நிலையில் ஒரு குடும்பத் தலைவன் நோய்வாய்ப்பட்டாற் பசுவும் நிலமும் விற்பனைக்கு வரும். அவையும் இல்லாதவன் வீட்டிற் கிடந்து சாவான்.

ஜாங், வைத்தியசாலையின் தலைமையை வகித்தபடியே, சியோலிலும் புசானிலும் சர்வகலாசாலை மாணவர்க்கு ரணவைத்தியம் கற்பித்தார். கல்லீரல் இரத்தக் குழாய்கள் செறிந்த உறுப்பு; குழாய்கள் கிளைத்துச் செல்லும் முறையை அறியாது கத்தி வைத்தால் நோயாளி இரத்தப் பெருக்கால் மேசைமேலேயே மாண்டுபோவான். அக்கிளைகளை நுட்பமாக ஆராய்ந்து, 1959-ஆம் ஆண்டில் கல்லீரலின் பெரும்பகுதியையே வெட்டியெடுக்கும் சிகிச்சையை அவர் வெற்றியுறச் செய்தார். 1961-இல் அதற்காக நாட்டின் அதிபதி பெயரால் வழங்கும் மருத்துவப் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஏழைகளுக்கு ஊழியஞ் செய்வோர்க்கு அரைகுறைக் கல்வியே போதும் என்று எண்ணுவார்க்கு இச்செய்தி தக்க விடையாகும். தம் நாட்டிலே தலைசிறந்த கத்தியை அவர் கூடாரத்து மேசைக்கே கொண்டு வந்தார்.

பின்வாயில்

காலஞ் செல்லச் செல்ல, கூடாரங்கள் போய்க் கட்டடங்கள் எழுந்தன. வைத்தியரும் தாதியரும் பெருகினர். மருந்தின் விலையும் ஏறிற்று. இலவசமாகவே நடத்துதல் இயலாமற்போகவே கட்டணம் ஏற்பட்டது. கட்டணத்தோடு தொல்லையும் தொடங்கிற்று. பணமில்லை என்று அழுது நிற்கும் நோயாளியைக் கண்டால் தலைமை வைத்தியர் கட்டணத்தைத் தள்ளிவிடுவார். அல்லது தம் சம்பளத்தில் எழுதிக்கொள்ளச் சொல்வார். சம்பளமோ மாதம் பிறக்குமுன்பே தீர்ந்திருக்கும். கணக்குப் பார்ப்போர் கலங்கினர். இறுதியில், கட்டணத்தைத் தள்ளும் அதிகாரம் இனித் தலைமை வைத்தியர் ஒருவருக்கே உரியதன்று, பிரிவுத் தலைவர்கள் கூடியே தீர்மானிக்க வேண்டும் என்று விதி செய்தனர்.

அதன்பின் நிகழ்ந்ததாகக் கொரிய நாட்டுச் சிறுவர்க்கும் தெரிந்த கதை ஒன்றுண்டு. நோய் தீர்ந்தும், கட்டணம் செலுத்த வழியின்றி வீடு செல்லமாட்டாமல் ஏங்கிக் கிடந்த குடியானவன் ஒருவனுக்கு, இரவிலே பின்வாயிலைத் திறந்து வைப்பதாகவும், ஓசைப்படாமற் போய்விடுமாறும் ஜாங் இரகசியமாய்ச் சொன்னாராம். மறுநாட் காலையில் நோயாளி ஓடிவிட்டான் என்று ஊழியர் பதறிவர, வாயிலைத் திறந்தவர் தாமே என்று ஒப்புக்கொண்டாராம்.

இக்கதையைக் கேட்போர் நகைப்பர், மனம் உருகுவர். நாமும் அவ்வாறே. ஆயினும் சிறிது நின்று எண்ணுவோமாயின், இதனுள்ளே ஒரு துயரம் மறைந்து கிடத்தல் புலனாகும். பின்வாயில் வழியே சென்றவன் உயிர் பிழைத்தான். ஆனால் கள்வனைப்போல் இருளிற் சென்றான். அவன் செலுத்தாத பணம் எங்கிருந்தேனும் வரவேண்டும். வாராவிடில் தாதியின் கூலி குறையும். அடுத்த நோயாளியின் மருந்து குறையும். மேலும், இரக்கமுள்ள வைத்தியர் விழித்திருந்த இரவிற்குத்தான் அவ்வாயில் திறக்கும். அவர் இல்லாத இரவில் யார் திறப்பர்? விதி செய்த கணக்கர் கொடியவரல்லர். வாயிலைத் திறந்த வைத்தியர் குற்றவாளியுமல்லர். இருவரும் தத்தம் அளவில் நியாயமே செய்தும் ஏழை இருளிலே போக நேர்ந்ததாயின், குறை மனிதரிடத்து அன்று. ஏற்பாட்டினிடத்து என்பது தெளிவு. ஜாங் இதனை உணர்ந்தார். உணர்ந்து வாளாவிருந்தாரில்லை.

நீலச் சிலுவைச் சங்கம்

புசானில் அவரைச் சூழ்ந்து வேதம் ஆராயும் சிறு கூட்டம் ஒன்று இருந்தது. அறிஞர் ஹாம் சோக்-ஹோனும் அக்கூட்டத்தோடு நட்புடையவர். சே கியூ-சோல் என்னும் ஆசிரியர், டென்மார்க் தேசத்திற் கற்று மீண்டவர், அந்நாட்டு ஜனங்கள் நோய்க்காகத் தங்களுக்குள் நிதி சேர்த்து வைக்கும் முறையை எடுத்துரைத்தார். அமெரிக்காவிலும், 1929-ஆம் ஆண்டில் டல்லஸ் நகரத்துப் பள்ளி ஆசிரியர்கள் மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி, நோயுற்றபோது பேலர் வைத்தியசாலையிற் சிகிச்சை பெறும் ஏற்பாடு தொடங்கி, அதிலிருந்து நீலச் சிலுவை என்னும் பெயருடைய சங்கங்கள் வளர்ந்திருந்தன. கொரிய அரசாங்கம் 1963-ஆம் ஆண்டிலேயே மருத்துவ இன்ஷூரன்ஸ் சட்டம் ஒன்று இயற்றியிருந்தது. ஆனால் சேர்வதும் சேராதிருப்பதும் அவரவர் விருப்பம் என்றமையால் அது ஏட்டளவில் நின்றது.

1968-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜாங்கும் நண்பரும் புசானில் நீலச் சிலுவை மருத்துவக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். முதலிற் சேர்ந்தோர் 723 பேர். மாதச் சந்தா ஆளொன்றுக்கு 60 வோன்; அந்நாளில் ஒரு பெட்டி சிகரெட்டு வாங்கவும் அப்பணம் போதாது. உடல்நலம் உள்ளபோது அயலானுக்கு உதவுக, நோயுற்றபோது அவனிடம் உதவி பெறுக என்னும் கருத்தே சங்கத்தின் அடிப்படை. பெரிய மூலதனமும் அரசாங்க மானியமும் இல்லாமல், சிறு துளிகளையே நம்பி அது எழுந்தது.

தொடக்கத்தில் இடர்கள் பல. நோயில்லாதவன் சந்தா செலுத்த மாட்டான். நோய் வந்த அன்றே ஓடிவந்து சேர்வான். நோய் தீர்ந்ததும் நின்றுவிடுவான். இத்தகைய சங்கங்களுக்கெல்லாம் இயல்பான இவ்விடர் அவர்களையும் வாட்டிற்று. வரவினும் செலவு மிகுந்தது. வீடு வீடாகச் சென்று, ஆலயம் ஆலயமாகச் சென்று விளக்கவேண்டியதாயிற்று. நோயாளி கொடுத்த சந்தாவால் அவன் நோய் தீர்வதில்லை. நலமுள்ள ஆயிரம் பேர் கொடுத்த சந்தாவாலேயே தீர்கின்றது என்பதனை ஜனங்கள் மெல்ல மெல்ல அறிந்தனர். 1975-இல் சங்கத்திற்கு வைத்தியசாலையும் ஏற்பட்டது. பல்லாயிரவராகிப் பெருகி, முடிவில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதன் அங்கத்தினராயினர்.

அரசாங்கம் 1977-ஆம் ஆண்டில், 500 பேருக்குக் குறையாத தொழிலாளரை உடைய தொழிற்சாலைகளுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கிற்று. 1979-இல் அரசாங்க உத்தியோகஸ்தர்க்கும், 1988-இல் கிராமவாசிகளுக்கும் அது விரிந்தது. 1989-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், நகரங்களிற் சொந்தத் தொழில் செய்து பிழைப்போரையும் உட்படுத்தி, தேசம் முழுதும் பரவிற்று. தனியார் சங்கத்திற்கு இனி வேலை இல்லை. நீலச் சிலுவைச் சங்கம் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. தாம் வளர்த்த ஸ்தாபனம் அழிவதைக் கண்டு வருந்துவார் உலகிற் பலர். தமது ஸ்தாபனம் தேவையற்றுப் போகும் நாளையே அதன் வெற்றி நாளாகக் கொண்டவர் சிலர். அச்சிலருள் ஜாங் ஒருவர். இருளிலே ஒருவனுக்காகத் திறந்த பின்வாயில், இருபத்தொரு ஆண்டு உழைப்பின்பின், பகலிலே எல்லாருக்கும் உரிய முன்வாயிலாயிற்று. ஏழை அதன் வழியே தலைநிமிர்ந்து செல்லலாம். ஏனெனில் அவனும் சந்தா செலுத்தியவன்.

1979-ஆம் ஆண்டில் பிலிப்பைன் நாட்டு ரமோன் மக்சேசே பரிசு, பொதுஜன சேவைக்காக இவருக்கு அளிக்கப்பட்டது. 1974-இல் நம் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பெற்றதும் இத்துறைப் பரிசேயாம்.

காத்திருந்த காலம்

இவ்வளவு செய்த காலமெல்லாம் இவர் தனியே வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளும்படி நண்பர் பலர் வற்புறுத்தினர். வடக்கே மனைவி உயிரோடிருக்கிறாளோ இல்லையோ என்பதே தெரியாத நிலையில், தென்கொரிய ஆடவர் பலர் அவ்வாறு செய்தனர்; அவரை நாம் பழியோம். ஜாங்கோ, ஒருத்தியோடு செய்த உடன்படிக்கை ஒரு கோட்டினால் அறுந்துபோவதன்று என்று கருதினார். மற்றுமோர் எண்ணமும் அவரைத் தாங்கிற்று. தெற்கே தம்மை நாடி வருவோரைத் தாம் பேணினால், வடக்கே தம் மனைவி மக்களைக் கடவுள் வேறொருவரைக் கொண்டு பேணுவார் என்று அவர் நம்பினார். ஒவ்வொரு நோயாளியின் கட்டிலருகிலும் கண்ணுக்குப் புலனாகாத வேறு ஆறு கட்டில்கள் அவருக்கு இருந்தன என்று நாம் கூறினால் மிகையாகாது.

பிரிந்த குடும்பங்களின் துயரத்தை உலகம் அறிந்தது 1983-ஆம் ஆண்டில். தென்கொரியாவின் கே. பி. எஸ். தொலைக்காட்சி நிலையம், போரிற் பிரிந்த உறவினரைத் தேடுவோர்க்காக அவ்வாண்டு ஜூன் இறுதியில் நிகழ்ச்சியொன்று தொடங்கிற்று. சில மணி நேரத்தில் முடிப்பதாயிருந்த அது, ஜனங்கள் பெயர்ப்பலகை ஏந்தி நிலையத்தின் முன் அலைமோதவே, 138 நாள் நீடித்தது. பதினாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. முப்பதாண்டுகளாக ஒரே நகரத்தில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாதிருந்த உடன்பிறந்தாரும் அவர்களுள் இருந்தனர். எல்லைக்கு இப்பாலிருந்தோர்க்கே இந்நிலையாயின், அப்பாலிருந்தோரைப் பற்றிக் கூறவேண்டுமோ?

1985-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரு அரசுகளும் முதன்முறையாக ஒத்துப்போய், பக்கத்திற்கு ஐம்பது பேர் எல்லை கடந்து உறவினரைக் காண இசைந்தன. புகழ்பெற்ற வைத்தியருக்கு அவ்வாய்ப்பை அளிக்க அதிகாரிகள் முன்வந்தனர் என்றும், இலட்சக்கணக்கானோர் அழுதுகொண்டிருக்கத் தமக்குமட்டும் தனிச்சலுகை வேண்டா என்று அவர் மறுத்தார் என்றும் கூறுவர். நம் உள்ளம் இவ்விடத்தில் தடுமாறுகின்றது. மறுத்தது அவருக்கு உரிய உரிமை. ஆனால் மறுபுறத்தில் காத்திருந்த மனைவியின் பொருட்டேனும் சென்றிருக்கலாகாதோ என்று எண்ணாதிருத்தல் அரிது. எனினும், கட்டணச் சலுகையை ஒருவர் அருளாக அன்றி எல்லார்க்கும் உரிமையாக ஆக்கப் பாடுபட்ட மனிதர், தம் கண்ணீருக்குமட்டும் பின்வாயில் திறக்கப்படுவதை எவ்வாறு ஏற்பார்? அவர் வாழ்வின் இரண்டு பகுதிகளும் ஒரே நூலால் தைக்கப்பட்டவை.

1990-ஆம் ஆண்டையடுத்து, அமெரிக்காவிலிருந்த உறவினர் வாயிலாக, மனைவியார் உயிரோடிருக்கிறார் என்னும் செய்தியும், அவர் எழுதிய கடிதமும், ஒரு புகைப்படமும் வந்தன. இளம் மனைவியாய் விட்டுவந்தவர் படத்தில் மூதாட்டியாய்த் தோன்றினார். ஜாங்குக்கும் அப்போது எண்பது வயது. 1992-இல் பக்கவாதம் அவரைத் தாக்கிற்று. ஓரளவு தேறியபின், மீண்டும் நோயாளரைப் பார்த்தார். வைத்தியசாலையின் மேல்தளத்திலே ஒரு சிறு அறையே அவர் வீடு. சொந்த வீடும் நிலமும் அவருக்கு இல்லை. 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறந்த திருநாளின் அதிகாலையில், மனைவியைக் காணாமலே அவர் கண்மூடினார்.

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், இரு அரசுகளும் பக்கத்திற்கு நூறு பேரை அனுப்பியபோது, அன்று வண்டியிலிருந்து தாயைக் கண்ட அச்சிறுவர், தாமும் வைத்தியப் பேராசிரியராகி நரைத்த தலையினராய், மருத்துவராக அக்கூட்டத்துடன் பியோங்யாங் சென்றார். அரை நூற்றாண்டிற்குப்பின் தாயாரைக் கண்டார். தந்தையார் இறந்து அப்போது ஐந்தாண்டு நிறையவில்லை.

முடிவுரை

கொரியாவைப் பிரிக்கும் எல்லை இன்றும் அழியவில்லை. அதனை அழிக்கும் ஆற்றல் ஜாங் கி-ரியோவிடம் இருந்ததில்லை. அவர் கையில் இருந்தது ஒரு கத்தியும், ஒரு சந்தாப் புத்தகமும், பிரதிக்கினை ஒன்றுமே. தம்மால் ஆகாததைக் குறித்துப் புலம்புவதிற் காலங் கழியாமல், தம்மால் ஆவதனை முற்றச் செய்தார். முதலில் கையால் இரங்கினார். பின்பு அந்த இரக்கம் தம் கையோடு முடிந்துபோகாவண்ணம் அதற்கு ஓர் ஏற்பாடு கண்டார்.

மாணவ நண்பர்காள்! நம்முள் வைத்தியராவோர் சிலர்; ஆசிரியரும் கணக்கரும் உத்தியோகஸ்தரும் ஆவோர் பலர். ஏழைக்குப் பின்வாயிலைத் திறக்கும் தருணம் நம் ஒவ்வொருவருக்கும் வரும். அப்போது திறக்கத் தயங்கற்க. ஆனால் திறந்ததோடு அமைந்து உறங்கச் செல்லற்க. நாளை அவன் முன்வாயிலாற் செல்லுதற்கு வழி யாது என்பதனையும் அன்றிரவே எண்ணத் தொடங்குவோமாக.